மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களின் பெயரும் குடியும் பூர்வீகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வம்சாவழி எழுதத் தொடங்கியவர்கள், வெளிநாட்டுப் படிவம் நிரப்புகிறவர்கள், கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். வரிசையாக வாசித்தால் பின்னால் வரும் பதில்கள் இலகுவாகப் புரியும்.

எங்கட ஆக்களுக்கு ஏன் சேர்நேம் இல்ல? ஃபோர்ம் நிரப்பக்குள்ள என்ன எழுதுற?

தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் தொடரும் ஒரு பெயரைப் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கம் இங்கு இருந்ததில்லை. முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. சின்னத்தம்பியின் மகன் சி. கந்தையா, கந்தையாவின் மகன் க. தவராசா, தவராசாவின் மகள் த. மாலதி. மூன்று தலைமுறைக்குள் சின்னத்தம்பி காணாமற் போய்விடுவார்.

படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் பெரும்பாலானோர் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். அதில் பிழையில்லை. கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்த இடத்தில் நிற்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். சிக்கல் அடுத்த தலைமுறையில்தான் வரும். கனடாவில் இருக்கும் அண்ணன் ‘கந்தையா’வையே தன் பிள்ளைகளுக்கும் தொடரவிடுவார். லண்டனில் இருக்கும் தம்பி தன் பெயரைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் கடதாசியில் இரண்டு குடும்பமாகிவிடுவார்கள்.

அப்ப குடி எண்டு சொல்றது? அதுதானே எங்கட குடும்பப் பெயர்?

மாறாமல் தொடர்வது என்று பார்த்தால் இங்கு குடிதான் அந்த இடத்தில் இருக்கிறது. குடி என்பது ஒரு சமூகத்துக்குள் இருக்கும் வம்சப் பிரிவு. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி, பணிக்கனார் குடி, கச்சிலா குடி, சங்குபயத்தன் குடி, அத்தியா குடி என்பன பலர் கேட்டிருக்கக்கூடிய பெயர்கள். சீர்பாதர் என்ற சமூகத்தாருக்குள் சிந்தாத்திரன் குடி, காங்கேயன் குடி முதலியவை உண்டு. ஆனால் குடிப் பெயரை யாரும் கையெழுத்தில் சேர்ப்பதில்லை, பாடசாலை இடாப்பிலும் அது இராது. கோயில், கலியாணம், சாவீடு ஆகிய மூன்று இடங்களில்தான் அது வாயில் வரும்.

எனக்கு அப்பாட குடியா, அம்மாட குடியா?

அம்மாவின் குடி. அம்மாவுக்கு அவருடைய அம்மாவின் குடி. இப்படியே மேலே போகும். இந்தப் பக்கத்தில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள்: முதலெழுத்து தகப்பன் வழி, குடி தாய் வழி. இரண்டையும் ஒரே கயிறாக நினைத்து இழுப்பதால்தான் முக்கால்வாசி வம்சாவழிகள் பாட்டனோடு நின்றுபோகின்றன.

ஆண்பிள்ளைக்கும் குடி உண்டு, ஆனால் அவன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. அவன் பிள்ளைகள் அவன் மனைவியின் குடி. அவன் குடியைத் தொடர்கிறவர்கள் அவன் சகோதரியின் பிள்ளைகள். அதனால்தான் இங்கு மாமன், மருமகன் உறவுக்கு அவ்வளவு கனம்.

என்ட குடி எது எண்டு எந்தப் பேப்பர்ல பார்க்கிற?

அரச பத்திரம் எதிலும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை எதிலும் குடிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. சாதாரண விவாகச் சான்றிதழில் மணமக்களின் தகப்பன் பெயர்கள் இருக்கும். முஸ்லிம் விவாகப் பதிவில் மணமகளின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, நிற்பவரும் தகப்பன் அல்லது தகப்பன் வழி ஆண்தான். ஆக, அரச கடதாசி முழுவதும் தகப்பன் வழியையே பின்பற்றுகிறது.

கேட்க வேண்டியது ஆட்களிடம். முதலில் அம்மம்மா, அவர் இல்லாவிட்டால் அம்மம்மாவின் சகோதரிகள், பிறகு அவர்களின் சகோதரர்கள். அப்பப்பாவிடம் கேட்டால் அவர் தன் குடியைச் சொல்லுவார், அது உங்கள் அப்பாவின் குடிகூட அல்ல. ‘நம்மட குடி என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கட அம்மா என்ன குடி, அவ எந்த ஊர், கோயில்ல எத்தனையாம் திருவிழா அவங்கட?’ என்று பிரித்துக் கேளுங்கள். குடிப் பெயரை மறந்தவர்கள்கூடத் திருவிழா நாளை மறப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழால பிரயோசனம் இல்லையா அப்ப?

நிறைய உண்டு. பெயர், ஊர், வருடம் ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்த அதைவிட நல்ல கடதாசி இல்லை. ஆனால் முழுப் பிரதியை எடுக்க வேண்டும். அதில் தகப்பனின் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், அதேபோல் தாயின் விபரம் எல்லாம் இருக்கும். தாயின் பிறந்த இடத்தைக் கவனியுங்கள். இங்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதே பழைய வழக்கம் என்பதால், பிள்ளை பிறந்த ஊரும் தாய் பிறந்த ஊரும் ஒன்றாகவும் தகப்பன் ஊர் வேறாகவும் இருப்பதே பெரும்பான்மை. தாயின் ஊர் வேறாக இருந்தால் அங்கே ஓர் இடப்பெயர்வு நடந்திருக்கிறது. காரணம் தேட வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து 7ஆம் இலக்கக் கட்டம். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் அதில் வரும். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அதற்கு 8ஆம் கட்டம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வந்த படிவம் இது. பிரஜாவுரிமைக்காகக் கேட்ட கேள்வி இன்று வம்சாவழி எழுதுகிறவருக்கு உதவுகிறது. ஒரே சான்றிதழில் மூன்று தலைமுறை கிடைக்கும், ஆனால் மூன்றும் தகப்பன் வழி. அம்மம்மாவின் பெயர் வேண்டுமானால் அம்மாவின் சான்றிதழைத் தனியாக எடுத்து, அதில் தாயின் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அம்மம்மாவின் தாய் வேண்டுமானால் இன்னொன்று. இப்படி ஒரு படிக்கு ஒரு சான்றிதழ்.

அப்பப்பா கல்முனையில பிறந்தவர். சான்றிதழ்ல மட்டக்களப்பு எண்டு இருக்கு. பிழையா எழுதிட்டாங்களா?

பிழையில்லை. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டமே. இணையத்தில் குடும்ப மரம் வரைகிறவர்கள் ‘மட்டக்களப்பு’ என்று கண்டதும் பட்டினத்தில் தேடி அலைகிறார்கள். மாவட்டத்தை விட்டுவிட்டு, சான்றிதழின் தலைப்பில் இருக்கும் பதிவாளர் பிரிவைப் பாருங்கள். ஊரைக் காட்டுவது அதுதான்.

பிரதேச செயலகத்தில தேடிட்டு ‘பதிவு இல்ல’ எண்டுட்டாங்க. இனி என்ன?

இலக்கமும் திகதியும் தெரியாமல் விண்ணப்பித்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டுமே தேடிப் பார்ப்பார்கள். ‘1938 அளவில்’ என்று எழுதிக் கொடுத்து, பிறந்தது 1934 என்றால் கிடைக்காது. பழைய ஆட்களின் வயது வாய்க்கு வந்தபடி சொல்லப்பட்டதுதான். மூத்த பிள்ளை பிறந்த ஆண்டு, விவாக ஆண்டு இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்து, வேறொரு காலத்தைக் கொடுத்துத் திரும்ப விண்ணப்பியுங்கள். பெயரையும் மாற்றிப் பாருங்கள். வீட்டில் ‘ராசம்மா’ என்று அழைக்கப்பட்டவர் பதிவில் ‘கண்ணம்மை’யாக இருப்பார், அல்லது பெயரே இல்லாமல் பெண் பிள்ளை என்று மட்டும் பதிவாகியிருப்பார்.

1978 நவம்பர் 23 சூறாவளியிலும், 1990ஐ ஒட்டிய இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் வீட்டிலிருந்த கடதாசிகள் ஏராளமாக அழிந்தன. வீட்டுப் பிரதி போனால் பதிவேடும் போனது என்று அர்த்தமில்லை. ஓர் அலுவலகத்தில் இல்லை என்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் திருமுழுக்குப் பதிவேடு இன்னொரு வழி. மெதடிஸ்த மிசன் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். கத்தோலிக்கப் பங்குகளிலும் பழைய ஏடுகள் உண்டு. இவற்றில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் என்பதால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காணி உறுதியால ஏதும் பிடிக்கலாமா?

தாய் வழிக்கு அதுதான் கடதாசி. வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போவதால், சீதன உறுதியில் தாய் பெயர், மகள் பெயர், காணி எப்படித் தாய்க்கு வந்தது என்ற விபரம் மூன்றும் ஒரே இடத்தில் நிற்கும். கையில் உள்ள உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றோடு காணிப் பதிவகத்துக்குப் போனால் அந்தக் காணியின் பதிவுப் பக்கத்தை எடுக்கலாம். அதிலிருந்து முந்திய உறுதிக்கு, அதிலிருந்து அதற்கு முந்தியதற்கு என்று பின்னோக்கிப் போக வேண்டும். எல்லைகளையும் வாசியுங்கள். ‘வடக்கு: இன்னாரின் வளவு’ என்று வரும் இன்னார் பெரும்பாலும் தங்கையோ பெரியம்மாவோதான், ஏனென்றால் தாய் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

மிகப் பழைய காணிகளில் முதுசம், அதாவது பரம்பரையாக வந்த சொத்து, என்ற சொல் வரும். இப்பகுதியின் முக்குவர் சமூகத்தின் பெயரால் முக்குவச் சட்டம் என்று அழைக்கப்பட்ட வழக்கப்படி முதுசச் சொத்து மகனுக்கு அல்ல, சகோதரியின் மகனுக்குப் போனது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அந்த வழக்கம் சட்டத்தில் செல்லாமற் போயிற்று. அதற்கு முந்திய கைமாற்றம் ஒன்றில் இரண்டு ஆண்களின் பெயர் அடுத்தடுத்து வந்தால் உடனே தகப்பன், மகன் என்று எழுதிவிடாதீர்கள். மாமனும் மருமகனுமாக இருக்கலாம்.

கோயில்ல கேட்டா குடி தெரியுமா?

தெரியும், கேட்கிற விதம் தெரிந்தால். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி, மண்டூர் முருகன் போன்ற பெருங்கோயில்களிலும், ஊர்க் கோயில்கள் பலவற்றிலும் திருவிழா நாட்கள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டவை. கொக்கட்டிச்சோலையில் குடிகளை வரிசைப்படி கூறி மரியாதை கொடுப்பதற்குக் ‘குடுக்கை கூறல்’ என்றே பெயர் இருக்கிறது. எந்தக் குடிக்கு முன்னுரிமை என்பதில் பழைய வழக்குகளும் மனத்தாங்கல்களும் உண்டு. ஆகவே முதல் நாளே ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நிற்காதீர்கள். கோயில் நிருவாகியான வண்ணக்கரைத் திருவிழா இல்லாத காலத்தில், உங்கள் தாய் வழிப் பெரியவர் ஒருவரோடு போய்ச் சந்தியுங்கள்.

பழைய வண்ணக்கர் பட்டியல் கிடைத்தால், முன் பதிலில் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். குடி சார்பான பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மகன் வேறு குடி ஆயிற்றே.

எங்கட பெயர்ல ‘போடி’ வருது. அதுதான் பரம்பரைப் பெயரா?

இல்லை. போடியார் என்றால் வயலும் மாடும் ஆளணியும் உள்ள நிலக்காரர். கந்தப்போடி, வேலாப்போடி என்று பெயரோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் மகன் பெயரில் அது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வன்னிமை, உடையார், முதலியார், விதானை என்பன பதவிகள். மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடியின் சார்பில் இருந்தவர். ஓடாவியார், பரியாரியார், அண்ணாவியார் என்பன தொழிலும் கலையும். லெவ்வை மார்க்கக் கல்வியோடு தொடர்புடையது என்றாலும் மீராலெவ்வை, உதுமாலெவ்வை என்று வெறும் பெயராகவே பரவிவிட்டது.

பட்டப்பெயர் பரம்பரைப் பெயராகாவிட்டாலும் தேடலுக்கு உதவும். உடையார், விதானை போன்றோர் அரசாங்க ஊழியர்கள் என்பதால் நிருவாகக் குறிப்புகளில் இருப்பார்கள். போடிமாரின் பட்டி மாட்டுக் குறியும் ஒரு தடயம். அதில் குடிக்குரிய சின்னமும் உரிமையாளரின் எழுத்தும் இருப்பதுண்டு. பழைய குறிக் கம்பி வீட்டுக் கூரைக்குள் செருகிக் கிடந்தால் இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

முஸ்லிம் ஆக்களுக்கும் குடி இருக்காமே?

இருக்கிறது, அதுவும் தாய் வழியாகவே. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, ஏறாவூர் என்று கரையோரம் முழுவதும் பழைய குடும்பங்களில் கேட்கலாம். ராசாம்பிள்ளை குடி, லெவ்வைக் குடி, பணிக்கனார் குடி போன்றவை அங்கே வழங்கும் பெயர்கள். குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய பள்ளிவாசல் ஒழுங்கு. இன்று அந்த ஒழுங்கு பல ஊர்களில் தளர்ந்துவிட்டது. இளையவர்களில் குடியை அறியாதவர் அதிகம், ஆகவே உம்மும்மாவைக் கேட்பதை அடுத்த நோன்புப் பெருநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாரும் ஒரே காலத்தில் வந்தவர்களும் அல்ல. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் 1626இல் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயர் எழுதிய வரலாறு சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பும் இங்கு ஆட்கள் இருந்தார்கள், பின்பும் வந்தார்கள். 1626ஐ எல்லாக் குடும்பத்துக்கும் தொடக்க ஆண்டாகப் போடுவது தவறு.

எங்கட குடிப் பெயர் கேரளாவிலயும் இருக்கு. அங்க இருந்து வந்தவங்கதானே நாங்க?

அப்படி ஒரே பாய்ச்சலில் போக முடியாது. தாய் வழி மரபு, முக்குவர் என்ற பெயர், பணிக்கர் போன்ற சொற்கள் எல்லாம் மலையாளக் கரையை நினைவூட்டுவது உண்மை. ஆய்வாளர்களும் அந்தத் தொடர்பைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் பணிக்கன் என்பது ஏறாவூர்ப் பக்கத்தில் யானை பிடிப்பவருக்கும் பெயர். ஒரு தொழிற்பெயர் இரண்டு கரையிலும் தனித்தனியே வழங்கலாம். காலிங்கா குடியைக் கலிங்கத்தோடும், 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகனோடும் சேர்த்துப் பேசுவதும் இப்படித்தான். அந்தப் படையெடுப்பு வரலாறு. உங்கள் பூட்டி அந்தப் படையோடு வந்தவரின் வழி என்பது வேறு கூற்று, அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

‘மட்டக்களப்பு மான்மியம்’ முக்குவர் குடிகளை ஏழு என்று சொல்கிறது. அது 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து அச்சில் வந்தது. அதில் பல காலத்து ஏடுகளும் கோயில் உரிமைப் பாடல்களும் கலந்திருக்கின்றன. யாருக்கு எந்த உரிமை என்று நிலைநாட்ட எழுந்த பாடல்களை, யார் எப்போது வந்தார்கள் என்பதற்கான பதிவாக வாசித்தால் ஏமாந்து போவோம். உரிமை பற்றி அது சொல்வதை நம்பலாம், ஆண்டு பற்றிச் சொல்வதை மற்றச் சான்றோடு ஒப்பிட வேண்டும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா குடி தெரியுமா?

குடி தெரியாது. ஆனால் எடுப்பதானால் சரியானதை எடுங்கள். ஆண் வழியைக் காட்டும் ஒய் நிறமூர்த்தப் பரிசோதனை உங்கள் முதலெழுத்தின் வழியில் போகும். குடியின் வழியில் போவது தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகொண்ட்ரியா. அதுவும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் பேசுமே தவிர, முந்நூறு வருடத்துக்கு முன் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லாது.

ஒரே குடி எண்டா கலியாணம் கட்டக்கூடாதா?

வழக்கப்படி கூடாது, ஒரே குடியில் ஒரே தலைமுறையினர் அண்ணன் தங்கை முறை. மாமன் மகள் அவள் தாயின் குடி, மாமி மகள் உங்கள் அப்பாவின் குடி. இருவரும் மச்சாள், கட்டலாம். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் உங்கள் குடியே. தொடர்ந்து பெண் கொடுத்து எடுக்கும் குடிகள் இரண்டிரண்டாக அமைவதும் உண்டு, ஆகவே உங்கள் குடி தெரியாவிட்டாலும் அப்பா, அம்மப்பா, பூட்டன் ஆகியோரின் குடிகளை எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்.

வேற சாதி ஆக்களுக்கும் எங்கட குடிப் பெயரே இருக்கு. நாங்க சொந்தமா?

குடிப் பெயர் ஒன்றென்பதால் மட்டும் சொந்தமாகாது. ஒரே பெயர் இரண்டு சமூகத்தில், ஏன் தமிழர், முஸ்லிம் இரு பகுதியிலும் வழங்குவதற்குப் பணிக்கனாரே உதாரணம். குடியோடு ஊரையும் கோயிலையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று: காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்பவற்றில் வரும் குடி குடியிருப்பைக் குறிப்பது. காத்தான் குடி என்று தாய் வழிக் குடி தேடி வருகிறவர்களுக்காக இதைச் சொல்லவேண்டி இருக்கிறது.

பறங்கி ஆக்களுக்கு மட்டும் எப்படி உண்மையான சேர்நேம்?

ஐரோப்பிய வழக்கப்படி தகப்பன் பெயர் தொடர்வதால். போர்த்துக்கேயர் இங்கு கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இரு பகுதியாரின் வழி வந்தவர்களும் கலந்ததால், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் குடும்பத்துக்கு ஒல்லாந்தப் பெயர் இருப்பது மட்டக்களப்பில் அதிசயமில்லை. இவர்களுக்குத் திருமுழுக்கு ஏடுகளே முதற்படி. எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு குருவானவர் காலத்திலும் மாறும், அதனால் ஒலியை வைத்துத் தேட வேண்டும்.

அம்மா யாழ்ப்பாணம், அப்பா மட்டக்களப்பு. எனக்கு என்ன குடி?

கண்டிப்பாகப் பார்த்தால் குடி இல்லை, ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இந்தத் தாய் வழிக் குடி முறை கிடையாது. மலையகத்துத் தாய்க்கும் அப்படியே. நடைமுறையில் சில ஊர்களில் அப்பாவின் குடியோடு சேர்த்துக் கோயில் வரியை எடுத்துக்கொள்கிறார்கள், சிலவற்றில் மாட்டார்கள். வம்சாவழியில் ‘தகப்பன் குடி’ என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளை அதைத் தாய் வழி என்று நம்பித் தேடத் தொடங்குவார்.

வெளிநாட்டில பிறக்கிற பிள்ளைக்குக் குடிப் பெயரையே சேர்நேமா வைக்கலாமா?

வைக்கச் சட்டத் தடை பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆனால் யாருடைய குடியை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். தகப்பன் தன் குடியை வைத்தால் அது பிள்ளையின் குடி அல்ல. ஊருக்கு வந்தால் அம்மாவின் ஆட்கள் சிரிப்பார்கள். அம்மாவின் குடியை வைத்தால் இந்தத் தலைமுறைக்குச் சரி, மகளும் தன் பிள்ளைகளுக்கு அதையே கொடுத்தால் தொடரும். மகன் கொடுத்தால் அங்கே பிசகும்.

எங்கள் அபிப்பிராயம்: குடும்பப் பெயராகப் பாட்டனின் பெயரையோ தகப்பனின் பெயரையோ ஒன்றாக நிறுத்திக்கொள்ளுங்கள், சகோதரர்கள் எல்லாரும் பேசி ஒரே எழுத்துக்கூட்டலில். கணபதிப்பிள்ளையை ஒருவர் ஆங்கிலத்தில் கே-யில் தொடங்கியும் இன்னொருவர் ஜீ-யில் தொடங்கியும் எழுதினால் கணினிக்கு அது இரண்டு குடும்பம். குடியை வம்சாவழித் தாளில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குக் கீழும் எழுதுங்கள்: குடி, ஊர், கோயில், திருவிழா நாள், சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.